சுண்டங்குறிச்சிக்காரர்கள் செயலாளரைக் கழற்றிய கதை

சுண்டங்குறிச்சிக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். அந்த ஊரின் சிரமம் முழுவதும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஊர் எல்லையில் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை நிற்கிறது. அந்த இடம் வந்தால் நடந்து போகிறவர்களும் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். ஒருமுறை பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோவும் அங்கே நடைவேகத்தில் போக, பிள்ளை பலகைக்கு அடியிலேயே பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆட்டோக்காரருக்கு ஊர் சார்பில் பொன்னாடை போர்த்தினார்கள்.

இந்த ஊரில் ஒரு பொதுக் கல்யாண மண்டபம் உண்டு. அதற்கு ஒரு கமிட்டியும் உண்டு. தலைவர் ஆவுடையப்பன் அரிசி ஆலை வைத்திருப்பவர். எதையும் தீர்மானமாக நிறைவேற்றிய பிறகே நம்புவார், மழை பெய்ததையும் சேர்த்து. பொருளாளர் பிச்சாண்டி உரக்கடைக்காரர். சமையல்கூடத்துக்குப் பொறுப்பு உலகம்மாள். செயலாளர் தெய்வநாயகம் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்பவர். அவர் மகள் வடிவுக்கு ஆவணி பன்னிரண்டாம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இடம், இதே மண்டபம்.

பதினான்கு வருஷத்துக்கு முன்பு மண்டபத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். விற்றவர், இனிமேல் உங்களுக்குக் காகிதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே முன்பதிவு நோட்டுகள் சமையல்கூட அடுப்புக்குப் போயின. சுவரில் தொங்கிய நாட்காட்டியை இறக்கினார்கள். காகிதக் கப்புகள் போய் எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்தி, படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பத்திரிகையோடு திருப்பி அனுப்பினார்கள். கூடவே ஒரு தீர்மானமும் போட்டார்கள்: கம்ப்யூட்டரில் பெயர் இருந்தால்தான் மண்டபச் சாவி. இல்லையென்றால் யாராக இருந்தாலும் கிடையாது.

ஆவணி முதல் தேதி காலையில் தெய்வநாயகம் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினார். உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி, எதையோ சொல்ல வந்து மறந்துபோனவர் மாதிரி நின்றுவிட்டது. பிறகு எத்தனை தடவை அமுக்கியும் அந்த அரைச் சுற்றுக்கூட இல்லை.

ஆவணி பன்னிரண்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தெய்வநாயகம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மகள் பெயரைப் பங்குனியிலேயே அவர் கையால் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, விதி வேறு.

பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் அவர் மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பன்னிரண்டாம் தேதிக்குச் சாவி கிடைக்குமா என்று கேட்டார். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்க்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று பதில் சொன்னார். மறுபடி இந்தப் பக்கம் வந்து, பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது என்று கெஞ்சினார். அந்தப் பக்கம் போய் விதியை எடுத்துச் சொன்னார். ஐந்தாவது நடையில் செயலாளரின் பேச்சு சற்றுக் கடுமையாகவே இருந்தது. தெய்வநாயகம் முகம் வாடி வீட்டுக்குப் போனார்.

என்ன ஆச்சு என்று கேட்டாள் மனைவி பேச்சியம்மாள். செயலாளர் மசியவில்லை என்றார்.

"அந்த ஆளு எப்பவும் அப்படித்தான்" என்றாள் பேச்சியம்மாள்.

கோவில்பட்டியிலிருந்து சம்பந்தி தினமும் போன் பண்ணத் தொடங்கினார். மண்டபம் உறுதியில்லை என்றால் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடலாம் என்பது அவர் கருத்து. தைக்குள் மாப்பிள்ளை வீட்டாரின் மனசு எத்தனை பக்கம் திரும்பும் என்று தெய்வநாயகத்துக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. வடிவு சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் ஸ்டீபன். நல்ல தொழில்காரர். அந்தச் சமயம் பார்த்து அவர் பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தார். கட்டைப் பிரிக்க மூன்று வாரம் ஆகும். போனிலேயே சொல்கிறேன், சொல்கிறபடி செய்தால் போதும் என்றார். இப்படி ஒரு வாக்கியத்தைச் சுண்டங்குறிச்சிக்குச் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

முதல் நாள் அவர் சொன்னது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு நிமிஷம் கழித்து மாட்டிப் பாருங்கள் என்பது.

எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். கம்ப்யூட்டர், கிரைண்டர், மைக் செட், ஆழ்துளைக் கிணற்று மோட்டார், டியூப் லைட்டுகள், சுவரில் இருந்த கரண்டு கடிகாரம். கடிகாரம் பத்து மணி எட்டு நிமிஷத்தில் நின்றது. ஒரு நிமிஷம் ஆகட்டும் என்று கமிட்டி முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெகுநேரம் கழித்து, இந்த நிமிஷம் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்றார் பிச்சாண்டி. உலகம்மாள் போய் உலை வைத்து, சோறு வடித்து, ரசம் கொதிக்கவிட்டுத் திரும்பி வந்தாள். அப்போதும் மணி பத்து எட்டுதான். தலைவரின் கைக்கடிகாரம் ஒன்றரை காட்டியது. ஆனால் அது தலைவரின் சொந்தக் கடிகாரம். மண்டபத்துக் காரியத்துக்குச் சொந்தப் பொருளைப் பயன்படுத்தினால் நாளைக்குப் பேச்சு வரும் என்று அவரே அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஸ்டீபனே போன் பண்ணி என்ன ஆயிற்று என்று கேட்டார். இன்னும் நிமிஷம் முடியவில்லை என்றார் தெய்வநாயகம். ஸ்டீபன், போதும், மாட்டுங்கள் என்றார்.

மாட்டினார்கள். கம்ப்யூட்டர் அசையவில்லை.

அடுத்த நாள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கைவைக்கும் முன் இரும்பு எதையாவது தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும், இல்லாவிட்டால் போர்டு பாழாகும் என்றார்.

மண்டபத்தில் இரும்பு என்றால் பாத்திர அறையில் நிற்கும் பீரோதான். தெய்வநாயகம் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தார். தலைவர் தடுத்துவிட்டார். பீரோவிலிருந்து கம்ப்யூட்டர் வரை முப்பது அடி. அவ்வளவு தூரம் நடந்தால் வழியில் புது மின்சாரம் ஏறியிருக்காது என்று யார் சொல்ல முடியும்? பீரோவை நகர்த்திப் பார்த்தார்கள், நிலைவாசலில் சிக்கியது. பிறகு கைகோத்துக்கொண்டு நிற்பது என்று முடிவாயிற்று. பிச்சாண்டி பீரோவைத் தொட, அவர் கையைத் தலைவர் பிடிக்க, தலைவர் கையைத் தெய்வநாயகம் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார். இன்னும் பத்தடி குறைந்தது. அப்போதுதான் உலகம்மாள் சமையல்கூடத்திலிருந்து இரும்பு தோசைக்கல்லைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். அந்த மாதிரி ஒரு யோசனை ஊரில் இதற்கு முன் உதித்ததில்லை என்று குறிப்பில் ஏற்ற வேண்டும் என்றார் தலைவர். ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டர் ஓடவில்லை.

திறந்தால் உள்ளே பதினான்கு வருஷத்துத் தூசியும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. போர்டில் சின்னச் சின்ன உருளை மாதிரி இருக்கும், அதன் தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஸ்டீபன். இந்த வேலை உலகம்மாளிடம் போயிற்று. நாற்பது வருஷம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றவள் அவள். எது உப்பும், எது உப்பாது என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஆறு உப்பியிருக்கு. ரெண்டு கருகியே போச்சு. இதையெல்லாம் முன்னாலயே எடுத்திருக்கணும் அண்ணாச்சி" என்றாள்.

போர்டு போய்விட்டது என்றார் ஸ்டீபன். கூடவே எஸ்.எம்.பி.எஸ். என்கிற கரண்டு டப்பாவையும் பார்த்துவிடலாம், அதிலிருந்து வரும் கொத்தில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் விசிறி சுற்ற வேண்டும் என்றார். காகிதமில்லாத கட்டடத்தில் ஜெம் கிளிப் எங்கே இருக்கும்? உலகம்மாளின் கொண்டை ஊசி வந்தது. விசிறி சுற்றவில்லை. ஆக அதுவும் போயிற்று.

இரண்டையும் புதிதாக அனுப்புவதாகச் சொன்னார் ஸ்டீபன். இதற்குள் ஆவணி ஐந்து ஆகியிருந்தது.

முதலில் கரண்டு டப்பா பஸ்ஸில் வந்தது. போர்டு வரும்வரை பொறுக்காமல் அதைப் பழைய போர்டில் மாட்டிப் பார்த்தார்கள். பழைய போர்டில் இருபது துளை. புதிய கொத்தில் இருபத்துநான்கு முனை. நான்கு முனை கொண்ட துண்டு ஒன்று தனியே பிரிந்து நின்றது. கமிட்டி கூடியது. இருபது பேருக்கு இலை போட்டு நான்கு பேரை நிற்க வைத்தது போல் இருக்கிறது என்று உலகம்மாள் வருத்தப்பட்டாள். ஸ்டீபனைக் கேட்டதற்கு, அந்த நாலையும் சும்மா தொங்கவிடுங்கள் என்றார். ஆசாரியை வரவழைத்து, சுவரில் ஆணி அடித்து, பூக்கட்டும் நாரில் முடிந்து தொங்கவிட்டார்கள். உப்பிய போர்டில் புது டப்பா என்ன செய்யும்? கம்ப்யூட்டர் எழவில்லை.

ஆவணி ஏழில் போர்டு வந்தது. பழைய பிராசஸரும் மெமரியும் இதில் உட்காராது என்பதால் அவற்றையும் புதிதாகவே பொருத்தி, பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்ட ஒரு சின்ன இணைப்பும் சேர்த்து அனுப்பியிருந்தார் ஸ்டீபன். முன்பதிவு எல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது, அது மட்டும் பத்திரம் என்றார். அட்டைப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. புத்தகத்தில் உள்ளபடி மாட்டுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

புத்தகம் என்றால் காகிதம். காகிதம் மண்டபத்துக்குள் வரக்கூடாது. பிச்சாண்டி தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பது, உள்ளே தெய்வநாயகம் அதைக் கேட்டு மாட்டுவது என்று ஏற்பாடாயிற்று. ஆங்கிலத்தைப் பிச்சாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். அது தீர்ந்ததும் சீன எழுத்துகள் வந்தன. விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

"இப்ப ஒரு குடை. பக்கத்துல ஏணி. அதுக்குக் கீழ ரெண்டு பேரு சண்டை போடுதாங்க" என்று கத்தினார்.

"சண்டையை முடிச்சுட்டாங்களா?" என்று உள்ளிருந்து கேட்டார் தெய்வநாயகம்.

"அடுத்த பக்கத்துலயும் போடுதாங்கவே."

இருந்தும் தெய்வநாயகம் மாட்டி முடித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்டீபன் போனில் படங்களை வாங்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொன்னார். ஜவுளிக்கடையில் நுணுக்கமாகத் துணி மடித்துப் பழகிய கை. மகள் கல்யாணம் வேறு.

ஆவணி ஒன்பது. கமிட்டி முழுவதும் கூடியிருந்தது. தெய்வநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் அருகில் உட்கார்ந்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

அவருடைய நாற்காலியின் பின்கால் ஜங்ஷன் பாக்ஸுக்குப் போகும் ஒயரின் மேல் ஏறி நின்றது. ஏற்கெனவே நைந்துபோன ஒயர். ஆள் உட்கார்ந்தால் கரண்டு நிற்கும், எழுந்தால் வரும். இதை வெளியூர்க்காரர்கள் யாராவது கவனித்திருப்பார்கள்.

ஸ்டீபன் யோசித்துவிட்டு, உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் சொல்கிற வார்த்தையைச் சொன்னார்.

"ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க அண்ணாச்சி. எதைக் கழட்டினதும் ஓடுதோ, அதுலதான் கோளாறு."

சிடி டிரைவைக் கழற்றினார்கள். ஓடவில்லை. மவுஸைக் கழற்றினார்கள், கீபோர்டைக் கழற்றினார்கள். ஸ்பீக்கரை எடுத்தார்கள். பெட்டியில் எடுக்க வேறு ஒன்றும் இல்லாதபோது மேஜை விரிப்பை எடுத்தார்கள். பேனா நிற்கும் குவளையை எடுத்தார்கள். சுவரிலிருந்த பிள்ளையார் படத்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறக்கினார்கள். மின்விசிறியை ஆசாரி இறக்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மேஜையும் தெய்வநாயகம் உட்கார்ந்திருந்த நாற்காலியும் தவிர அறை காலியாயிற்று. கழற்ற ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

சிறிது நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஒவ்வொண்ணான்னு சொல்லியிருக்கான். பாதியில விட்டா செஞ்சதெல்லாம் வீண்" என்றார் தலைவர்.

முதலில் உலகம்மாள் வெளியே போனாள். ஓடவில்லை. அவள் முகத்தில் ஒரு நிம்மதி. பிச்சாண்டி போனார். ஓடவில்லை. தலைவர், பொத்தானை அமுக்க ஆள் வேண்டுமே என்று, தாம் இருந்துகொண்டு தெய்வநாயகத்தை எழுந்து போகச் சொன்னார். தெய்வநாயகம் எழுந்தார். வாசலைத் தாண்டினார். தலைவர் பொத்தானை அமுக்கினார்.

கம்ப்யூட்டர் 'பீப்' என்றது. விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

ஒரு தடவை பார்த்து முடிவு சொல்வது நியாயமில்லை என்று அவரைத் திரும்ப அழைத்து அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், அணைந்தது. வெளியே போனார், எரிந்தது. மூன்று முறை. மூன்றாம் முறை தெய்வநாயகமே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தெருவில் நின்றார். அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. இத்தனை நாளும் போர்டையும் டப்பாவையும் சந்தேகப்பட்டோமே என்றுதான் இருந்தது.

உள்ளே கீபோர்டையும் மவுஸையும் மட்டும் திரும்ப மாட்டி முன்பதிவுப் பட்டியலைத் திறந்தார்கள். ஜன்னல் வழியாகப் பிச்சாண்டி சத்தமாகப் படித்தார். ஆவணி பன்னிரண்டு, தெய்வநாயகம் மகள் வடிவு திருமணம். தெருவில் நின்ற தெய்வநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவி அவர் மடியிலேயே இருந்தது. செயலாளர் என்ற முறையில் வலது கையால் எடுத்து, பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் இடது கையால் வாங்கிக்கொண்டார். சம்பந்திக்குப் போன் போயிற்று. வடிவு அன்று மத்தியானம் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது என்ற செய்தியைக் கேட்டு ஸ்டீபனும் சந்தோஷப்பட்டார். எதில் கோளாறு என்று அவர் கேட்டதற்கு, ஒரு பழைய பாகம், வெளியே எடுத்துவிட்டோம் என்றார் தலைவர். நல்லது, அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடாதீர்கள், கட்டுப் பிரித்ததும் நானே வந்து பார்க்கிறேன், அதுவரை கம்ப்யூட்டரை அணைக்கவும் வேண்டாம் என்றார் ஸ்டீபன்.

கமிட்டி கூடியது. செயலாளர் தெருவில் நின்று ஜன்னல் வழியாகக் கலந்துகொண்டார். கோளாறு அந்த அறைக்கு மட்டுமா, மண்டபம் முழுவதற்குமா என்பது கேள்வி. ஒயர் கட்டடம் முழுக்க ஓடுகிறது, ஆகையால் முழுவதற்கும்தான் என்று தெய்வநாயகமே எடுத்துச் சொன்னார். செயலாளராக அவர் எப்போதும் நேர்மையானவர். கம்ப்யூட்டர் ஓடும்போது தெய்வநாயகம் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

அதன் பிறகுதான், அப்படியானால் மகளை யார் தாரை வார்த்துக் கொடுப்பது என்ற விஷயம் தெய்வநாயகத்துக்கு உறைத்தது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒத்தை மக. எங்கையால வார்த்துக் குடுக்கணும்னு இருபத்திநாலு வருசமா நெனச்சிட்டிருக்கேன்."

தலைவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பழுதான பாகத்துக்குப் பதில் புதுசு போடுவதுதானே முறை, ஸ்டீபனும் அதைத்தானே செய்தான், கல்யாணத்துக்கு மட்டும் அப்பாவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். பேச்சியம்மாளுக்கு ஆள் அனுப்பி அபிப்பிராயம் கேட்டார்கள். அவள் நேரில் வந்தாள்.

"மாத்தணும்னு இருபத்தாறு வருசமா நானும்தான் சொல்லிட்டு வாரேன். அப்ப எந்தக் கமிட்டியும் கூடலை" என்றாள்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. மணமேடையைத் தெருப்பக்கத்து ஜன்னலோடு ஒட்டிப் போடுவது. தெய்வநாயகம் தெருவில் ஸ்டூல் மேல் நின்று, கம்பிக்கு இடையில் கையை நீட்டி வார்த்துக் கொடுப்பது. உள்ளே வரும் கை கோளாறு பண்ணாதா என்று பிச்சாண்டி கேட்டார். முழங்கை வரைக்கும் பாதகமில்லை, அதற்கு மேல் போகக்கூடாது என்று தலைவர் முழங்கையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டார்.

ஆவணி பன்னிரண்டு. காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வாசித்து, மண்டபம் நிறைந்த கூட்டம். வருகிறவர்களைத் தெய்வநாயகம் ஸ்டூலில் நின்றபடியே வரவேற்றார். கம்ப்யூட்டர் அறையில் பிச்சாண்டி காவல். முந்தின நாள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்கும்போது, ஒயர் மேல் நின்ற அந்த நாற்காலியைப் பந்திக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அதனால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

எட்டு பத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மணமேடைக்கு வந்தார்கள். சாஸ்திரிகள் ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டச் சொன்னார். அப்போது கரண்டு போயிற்று.

நாதஸ்வரத்துக்குப் பிடித்திருந்த மைக் நின்றது. மின்விசிறிகள் நின்றன. பிச்சாண்டி உள்ளேயிருந்து ஓடிவந்து, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்றார். நாம் அணைக்கவில்லை, தானாகப் போயிற்று, ஆகையால் ஸ்டீபன் சொல்லை மீறியதாகாது என்றார் தலைவர். கம்ப்யூட்டர் ஓடாதபோது தெய்வநாயகம் உள்ளே வரத் தடையில்லை என்பது அதற்கு அடுத்தபடி விளங்கியது. ஸ்டூலிலிருந்து அவரை இறக்கி, மேளத்தோடு வாசல் வழியாக அழைத்துவந்து, மணமேடையில் பேச்சியம்மாள் பக்கத்தில் நிறுத்தினார்கள். தெய்வநாயகம் மகளைப் பார்த்தார். மகளும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

செம்பை எடுத்த நேரம் கரண்டு வந்தது.

விசிறிகள் சுற்றின. கம்ப்யூட்டர் அறையிலிருந்து 'பீப்' என்று சத்தம் கேட்டது. ஓடும்போது கரண்டு போனால், திரும்ப வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி ஸ்டீபன் அனுப்பும்போதே செய்துவைத்திருந்தார். பிச்சாண்டி ஓடிப் பார்த்துவிட்டு, வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"ஓடுதுவே" என்றார்.

மேளம் நின்றது. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று முறை சோதித்துப் பார்த்த விஷயம் இது. தெய்வநாயகம் உள்ளே இருந்தால் கம்ப்யூட்டர் ஓடாது. கம்ப்யூட்டர் ஓடுகிறது.

"அப்படின்னா தெய்வநாயகம் உள்ள இல்லை" என்றார் தலைவர்.

எல்லோரும் மணமேடையில் செம்போடு நின்றவரைப் பார்த்தார்கள். அவரும் தம்மை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். தலைவர் சொன்னதில் தப்பு எங்கே என்று அவர் எவ்வளவோ தேடினார். அகப்படவில்லை.

"அப்ப தெய்வநாயகம் எங்க?" என்று அவரே கேட்டார்.

தேடினார்கள். ஸ்டூலில் இல்லை. சமையல்கூடத்தில் இல்லை. பந்தியில் இல்லை. பிச்சாண்டி போன் போட்டுப் பார்த்தார். மணமேடையில் நின்றவரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

"தெய்வநாயகம் இல்லை. போனை வச்சிட்டுப் போயிருக்காரு போல" என்று தகவல் சொல்லிவிட்டு வைத்தார்.

மணி எட்டு நாற்பது. சம்பந்தியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தவறினால் தை மாதம்தான். உலகம்மாள்தான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த மனிதரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அதே உயரம். அதே வழுக்கை. முழங்கையில் சுண்ணாம்புக் கோடுகூட அதே இடத்தில்.

"எல்லாம் பொருந்துது அண்ணாச்சி. வேணும்னு தேடினாலும் இந்த மாதிரிக் கிடைக்காது. இவரைப் போட்டு முடிச்சிருவோம்" என்றாள்.

தலைவர் பேச்சியம்மாளைக் கேட்டார். அவள் மணமேடையில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரே இருக்கட்டும்" என்றாள்.

அவர் முதலில் தயங்கினார். இன்னொருத்தர் நிற்க வேண்டிய இடத்தில் தாம் நிற்பது முறையா என்று கேட்டார். அவசரத்துக்கு உதவுவது பெரிய காரியம் என்று சாஸ்திரிகள் சொன்னார். பிறகுதான் அவர் செம்பைச் சாய்த்தார். மகளின் கை மாப்பிள்ளை கையில் சேர்ந்தபோது அவர் செம்பைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். தண்ணீர் பாதி மணமேடையில் சிந்தியது. கண்ணிலிருந்தும் வழிந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யாரோ எவரோ, இந்த மனுசன் இப்படி உருகி நிற்கிறார். பெற்ற தகப்பன் எங்கே சுற்றுகிறானோ தெரியவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தாலி ஏறியது. கம்ப்யூட்டர் ஒரு விநாடிகூட அணையவில்லை என்று பிச்சாண்டி அறிவித்தார்.

பந்தியில் சம்பந்தி, தாரை வார்த்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தெய்வநாயகத்தைப் பற்றி வருத்தப்பட்டார். அவரும் ஒத்துக்கொண்டார். மகள் கல்யாணத்தில் ஒரு தகப்பன் இப்படியும் இருப்பானா, கண்டால் நாலு வார்த்தை கேட்டுவிடுவேன் என்று கோபத்தோடு பாயசத்தை இலையில் ஊற்றச் சொன்னார்.

கூட்டம் கலைந்து பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, வாசலில் நின்ற பேச்சியம்மாளிடம் அவர் வந்தார். கை கூப்பினார்.

"நான் வாரேன் மைனி. அண்ணாச்சி வந்தா, விசாரிச்சேன்னு சொல்லுங்க."

பேச்சியம்மாள் தலையாட்டி, மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே அவருக்கும் ஒரு தாம்பூலப் பை கொடுத்து அனுப்பினாள்.